சோதித்த பிறகு கழற்றிய பெட்டரிகள்

இந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வைண்டிங் சொல்லித்தர நான் வரவில்லை. செப்புக் கம்பி சுற்றுவதை உங்கள் கைகள் தாமாகவே கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது ஒரு பொம்மைப் படகைப் பற்றி. ரிமோட்டில் ஓடுகிற சின்னப் படகு. அதற்கு மோட்டாரும் பெட்டரியும் தெரிவு செய்து கொடுத்தவன் நான். அதனால் வந்த அவமானத்தைச் சுமந்தது வேறொருத்தி. சிரிக்க வேண்டிய இடங்களில் சிரியுங்கள், நானும் சிரிப்பேன். கடைசி வரைக்கும் சிரிக்க முடியாது.

அப்போது ஹட்டனில் என் பட்டறைக்கு நல்ல பெயர். சுற்றுவட்டாரத் தேயிலை ஃபெக்டரிகளில் எந்த மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் லொறியில் வரும். மோந்து பார்த்தே காரணம் சொல்லிவிடுவேன் என்று சனங்கள் பேசிக்கொள்வார்கள். அது பாதி பொய்தான், ஆனால் நான் மறுத்ததில்லை. பாஸ் சொன்னால் சரி என்று ஒரு வழக்கு இருந்தது. மலைநாட்டில் கைவேலைக்காரனைப் பாஸ் என்றுதானே கூப்பிடுவார்கள். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். தலைக்கனம் அதற்குக் கொஞ்சம் மேலே.

போர்நிறுத்தம் இருந்த வருஷங்கள் அவை. ஒருநாள் மீனாட்சியும் அவள் தம்பி குமாரும் கடைக்கு வந்தார்கள். மீனாட்சி நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள், புருஷனை இழந்தவள். குமாருக்குக் கொழும்பில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. அவர்களுடைய அப்பா இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. குமார் கையில் ஒரு படகு இருந்தது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்து, தார் பூசி, நடுவில் சின்ன மண்பானை போன்ற ஒரு முட்டி உட்காரக் குழி விட்டிருந்தான்.

"இதுக்கு ஒரு மோட்டாரும் பெட்டரியும் வேணுங்க பாஸ்" என்றான்.

"கருமாதி நடக்கிற வீட்டுல என்னப்பா வெளையாட்டு?" என்றேன்.

மீனாட்சிதான் பதில் சொன்னாள். "வெளையாட்டு இல்லீங்க. அப்பாவோட அஸ்திய ஏத்தி அனுப்பத்தான்."

அவர்களுடைய அப்பா பிறந்த தோட்டத்து வரிசை வீடான லயமும், அவருடைய அம்மாவைப் புதைத்த மயானமும் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது தண்ணீருக்கடியில் போய்விட்டன. தன்னை எரித்து, அம்மாவின் காலடியில் சாம்பலைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறார். இடத்தையும் காட்டியிருக்கிறார். இந்தக் கரையில் உள்ள பாறையையும் அந்தக் கரையில் உள்ள ஒற்றை டர்பன்டைன் மரத்தையும் ஒரே கோட்டில் பிடித்தால், கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் மயானம். ஆனால் நீர்த்தேக்கத்தில் தோணி இறக்கத் தடை. அணைக் காவலரிடம் குமார் சிங்களத்தில் கேட்டிருக்கிறான். ஆள் ஏறுகிற எதுவும் கூடாது, பொம்மையென்றால் தனக்கு என்ன வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பொம்மை.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். காசு வாங்கமாட்டேன், செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இனி மோட்டார் கதைக்கு வருகிறேன். நீங்கள் இன்றைக்குத் தொலைபேசியைத் தட்டினால் படகுக்கென்றே மோட்டார் வீட்டுக்கு வருகிறது. அன்றைக்கு என்னிடம் இருந்தவை பழைய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தவைதான். ரேடியோ கெசட் மோட்டார் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். விர்ரென்று சுற்றியது, ஆனால் விசிறியைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சை விட்டுவிட்டது. வேகம் இருந்தது, இழுவை இல்லை. பிறகு லொறியின் வைப்பர் மோட்டார். இழுவை என்றால் அப்படியோர் இழுவை, ஆனால் விசிறி உரலில் மாவாட்டுவது மாதிரிச் சுற்றியது, படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்தது. குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைசியில் பழைய துரை ஒருவருடைய காரின் ஹீட்டர் விசிறி மோட்டார் அகப்பட்டது. சீமையிலிருந்து வந்த கார்களில் குளிருக்காக அது இருக்கும். வேகமும் உண்டு, இழுவையும் உண்டு. மோட்டாரைப் பொறுத்தவரை நான் செய்த தெரிவு இன்றைக்கும் சரிதான்.

பெட்டரிக்கு, கார் பெட்டரி வைத்தால் படகே முழுகிவிடும். மோட்டார்சைக்கிள் பெட்டரி சரிந்தால் அமிலம் கொட்டும். கரண்ட் போனால் எரிகிற எமர்ஜென்சி லைட்டுக்குள் இருக்குமே, சின்ன, மூடிய பெட்டரி, அதில் இரண்டை எடுத்துத் தொடராகக் கட்டினேன். அதுவும் சரியான தெரிவுதான்.

ரிமோட் சொல்வதைக் கேட்கிற ரிசீவர், உடைந்த விளையாட்டுக் கார் ஒன்றிலிருந்து குமார் கழற்றி வந்தது. அந்தக் காரில் ரிசீவருக்கென்று தனியாக டோர்ச் பெட்டரிகள் நாலு இருந்தன. அவற்றோடு சேர்த்தே படகில் பூட்டினோம். பட்டறைப் பின்புறத் தொட்டியில் விட்டோம். படகு போனது, திரும்பியது, நின்றது. சுக்கானை ஒரு பக்கம் முழுக்க வெட்டினால் ஒரு கயிறு இழுபட்டு, முட்டி சரிந்து உள்ளிருப்பது தண்ணீரில் கொட்டும்படி குமார் செய்திருந்தான். மணலை நிரப்பிப் பார்த்தோம். அழகாகக் கொட்டியது.

அதற்குப் பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. படகு கொஞ்சம் பின்பாரமாகத் தெரிந்தது. டோர்ச் பெட்டரிகளைக் கழற்றினேன். மோட்டாருக்கு வைத்த பெட்டரி ஒன்றிலிருந்தே ரிசீவருக்கும் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன்.

"அது தனியா இருக்கட்டுமே பாஸ், கார்ல அப்படித்தானே இருந்திச்சு" என்றான் குமார்.

"ஒரு சோத்துக்கு எதுக்குடா ரெண்டு அடுப்பு?" என்றேன்.

விசிறியைக் காற்றில் சுற்றவிட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுற்றியது. பொழுது சாய்ந்துவிட்டது, மறுபடி தொட்டியில் இறக்கவில்லை. பெட்டரிகளை முழுக்க சார்ஜ் ஏற்றிக் கருமாதிக்கு முதல் நாள் அனுப்பி வைத்தேன்.

கருமாதியன்று காலையில் நானும் போனேன். கரையில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. நல்லதண்ணியிலிருந்தும் பூண்டுலோயாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பூண்டுலோயாக்காரர் இறந்தவரின் தம்பி, மீனாட்சிக்குச் சித்தப்பா. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய மனுஷர். அண்ணன் அம்மாவோடு போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முழங்கால் வலியோடு இறங்கி வந்திருந்தார். நான் மீட்டரை எடுத்து எல்லோர் முன்னாலும் பெட்டரியைச் சோதித்தேன். ஊசி உச்சியில் நின்றது. "ஃபுல்" என்றேன். சித்தப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

முட்டியில் பூவைத்து, சூடம் காட்டிப் படகை இறக்கினார்கள். குமார் ரிமோட்டைப் பிடித்தான். படகு நேராகப் போனது. பெண்கள் குலவையிடவும் அழவும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். பாறையும் மரமும் ஒரு கோட்டில் வருகிற இடத்துக்கு இன்னும் கொஞ்சந்தான் இருந்தது. அங்கே படகுக்கு விக்கல் வந்தது. நின்றது, குதித்தது, மறுபடி நின்றது. சுக்கான் தன்பாட்டுக்கு ஆடியது. குமார் என்ன செய்தும் அது கேட்கவில்லை. மலையிலிருந்து காற்று இறங்கிப் படகை அணைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. பவர் ஹவுசுக்குத் தண்ணீர் இழுக்கிற சுரங்கத்துக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்ததைக் கரையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தோம்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வேலை கெட்டுப்போய், பத்துப் பேர் உங்கள் முகத்தைப் பார்க்கிறபோது, உங்களைக் காப்பாற்றுகிற காரணம் ஒன்று முதலில் ஓடி வரும். உண்மையான காரணம் பின்னால்தான் மெதுவாக வரும். முதலில் வருவதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டரிய யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

மீனாட்சி தயங்காமல் சொன்னாள். "நேத்து சனங்களுக்குச் சோறு போடுறப்ப இருட்டிப் போச்சுங்க. கொஞ்ச நேரம் ஒரு பல்பு கொளுத்துனேன். அப்பா படத்துக்கிட்டயும் வெளிச்சமா இருந்திச்சு."

அந்த லயத்துக்கு அன்றைக்கும் கரண்ட் வந்திருக்கவில்லை. அணை கண்ணுக்கு முன்னால் இருந்தது, லயத்தில் குப்பி விளக்கு. எங்கள் லயங்களில் சார்ஜ் ஏறிய பெட்டரி ஒன்று வாசலுக்கு வந்தால் அது எல்லோருக்கும் பொது. டீவீ பார்க்கவும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். கேட்டு எடுக்கிற வழக்கமே கிடையாது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். பட்டணத்தில் சுவிட்ச் போட்டுப் பழகி அது எனக்கு மறந்துபோயிருந்தது. தொடாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.

"ஒனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன். "பல்பு கொளுத்தவா நான் சார்ஜ் ஏத்திக் குடுத்தேன்? ஒங்கப்பனக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தானே குடுத்தேன்? பெட்டரிய உறிஞ்சிட்டு இப்ப என் மூஞ்சியப் பார்த்தா?"

சற்று முன்னால் என் மீட்டர் ஃபுல் காட்டியதே, அது எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அதைத் தள்ளிவிட்டிருப்பேன். குமார் வாயைத் திறந்து என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். சித்தப்பா மீனாட்சியின் பக்கம் திரும்பினார்.

"எங்கண்ணன் அம்மாகிட்டப் போகாம மெஷினுக்குள்ள போயிட்டான்" என்றார். "ஒனக்கு வெளிச்சம் கேட்டுச்சா புள்ள?"

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். சாப்பிடாமல் போகிறீர்களே என்று யாரோ பின்னால் ஓடி வந்தார்கள். கோபித்துக்கொண்டு போகிற மரியாதைக்காரன் மாதிரி நான் நடந்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் குமார் படகைக் கொண்டு வந்து கொடுத்தான். காவலர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முட்டி இல்லை. விசிறித் தண்டில் தண்ணீர்ப்பாசி சுற்றியிருந்தது. பெட்டரியைக் காயவைத்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பாசியை எடுக்காமலே தொட்டியில் விட்டேன். அதே விக்கல். பாசி இறுக்க இறுக்க மோட்டார் கூடுதலாகக் கரண்டை இழுக்கிறது, அந்தக் கணத்தில் பெட்டரியின் வோல்ட் விழுகிறது, அதே பெட்டரியில் குடித்துக்கொண்டிருக்கும் ரிசீவர் மயங்குகிறது. நான் கழற்றிய நாலு டோர்ச் பெட்டரிகள் பட்டறை இராக்கைத் தட்டிலேயே கிடந்தன. அவற்றை ரிசீவருக்குப் பூட்டிப் படகை விட்டேன். பாசியோடு முக்கி முனகிக்கொண்டு படகு போனது. சுக்கானும் சொன்னபடி கேட்டது. மெதுவாகவேனும் அன்றைக்கு மயானத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பல்பும் பெட்டரியைக் குடிக்கவில்லை, மீனாட்சியும் கெடுக்கவில்லை. சோதித்ததற்குப் பிறகு மாற்றியவன் நான். மாற்றிய பிறகு சோதிக்காதவனும் நான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன், எழும்பக் கூச்சமாக இருந்தது.

மறுநாளே தோட்டத்துக்குப் போனேன். மீனாட்சி மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கூடையை இறக்கவில்லை.

"எனக்கு நீங்க சொல்லணும்னு இல்லீங்க பாஸ். ஒரு பந்தி சாப்பிட்டு எந்திரிக்கிற நேரம் எரிஞ்ச பல்பு அது. எனக்குத் தெரியாதா?" என்றாள். "சித்தப்பாகிட்டச் சொல்லுங்க. அவரு அன்னைக்குப் போனவருதான், வாசல் மிதிக்கல. எம் பெரிய மகளுக்குத் தையில கல்யாணம். சபையில ஒக்கார அவர விட்டா எங்களுக்கு ஆள் இல்ல. அவரு வரலைன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏன்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?"

பூண்டுலோயாவுக்குப் படகையும் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. லயத்தில் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் கீழே இருந்த தொட்டியில், டோர்ச் பெட்டரிகளைக் கழற்றிவிட்டுப் படகை இறக்கி, விசிறித் தண்டைக் கையால் அழுத்திப் பிடித்து, விக்கலைக் காட்டினேன். பெட்டரி ஃபுல்லாக இருக்கிறது, பாருங்கள் என்று மீட்டரையும் காட்டினேன். தவறு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க கையால புடிச்சீங்களே பாஸ், அதான் நின்னுச்சு" என்றார்.

"இல்லீங்க, அந்தப் பாசி இழுத்த மாதிரித்தான் நான் புடிச்சுக் காட்டுனேன்."

"வெளங்குதுங்க." அவர் என் தோளைத் தொட்டார். "ஒங்களுக்கு நல்ல மனசு. ஒரு பொம்பளப் புள்ளைய ஏசிட்டோமேன்னு இவ்வளவு தூரம் வந்து, ஒங்க தொழிலையே நீங்க கொறைச்சுச் சொல்றீங்க. யாரு செய்வாங்க இந்தக் காலத்துல? பாஸ் கை வச்ச மோட்டார் நின்னுச்சுன்னு சொன்னா ஹட்டன்ல யாரு நம்புவா?"

"நான் சொல்றது உண்மைங்க."

"சரிங்க, உண்மையாவே இருக்கட்டும்" என்று சிரித்தார். "நீங்க இவ்வளவு சொன்ன பொறகு நான் வீம்பு புடிக்கக்கூடாது. ஒங்க முகத்துக்காக அவள மன்னிச்சிர்றேன். கல்யாணத்துக்கு வாறேன்னு சொல்லிருங்க."

அவர் மனைவி தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டு வந்தாள். பாஸ் மாதிரி மனுஷனைப் பார்ப்பது அபூர்வம் என்று அவளும் சொன்னாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரெடுத்த கைவேலைக்காரன் இது உன் பிழை என்று ஒருவரைச் சொல்லிவிட்டால், பிறகு அவனாலேயே அதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கப் போனால் அதற்கும் அவனைத்தான் மெச்சுவார்கள். மோட்டாரை மறுபடி சுற்றலாம், சொல்லைச் சுற்ற வழியில்லை.

மீனாட்சியிடம் போய்ச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "வாறேன்னாரா?"

"வாறேன்னாரு. ஆனா நீ செய்யாத தப்புக்கு மன்னிக்கிறேன்னு சொல்றாரு. நான் மறுபடி போய்ப் பேசுறேன்."

"வேணாம் பாஸ். விட்டுருங்க" என்றாள். "எனக்கு மகளோட கல்யாணம் நடக்கணும்."

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், குமார் வந்து கையோடு கூட்டிப் போனான். முன்வரிசையில் சித்தப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. தாலி கட்டுவதற்கு முன்னால் மீனாட்சி புதுச்சேலையில் வந்து, இரண்டு வீட்டுச் சனமும் பார்த்திருக்க, சித்தப்பாவின் காலில் விழுந்தாள்.

"தெரியாமச் செஞ்சிட்டேன் சித்தப்பா. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் அவளை எழுப்பி, நெற்றியில் திருநீறு பூசினார். "பாஸுக்குச் சொல்லு புள்ள. அவரு வந்து பேசலைன்னா நான் வந்திருக்கமாட்டேன்" என்றார் சத்தமாக. சனங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் எழும்பப் போனேன். மீனாட்சி என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். பிறகு குனிந்து என் காலையும் தொட்டாள்.

அன்றைக்குச் சபையில் முதல் வெற்றிலைத் தட்டு எனக்குத்தான் வந்தது. எடுத்துக்கொண்டேன்.